வேறு : காலடி : வாசல்

திரையில் வந்து விழுந்த வரியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பா : காலடி : ஹால்

இதே வரியை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். வீட்டில் அப்பா நடந்தால் இப்படித்தான் வரும். இன்றைக்கு ஒரே ஒரு சின்னச் சிக்கல். அந்த அப்பா அவன்தான், அவன் வீட்டில் இல்லை. ஊரின் மறுகோடியில், ஆபீஸ் ஜன்னலோரம், ஆறிப்போன காபியோடு உட்கார்ந்து அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபீசில் அவனுக்குச் சல்லடை என்று பெயர். பிரியமாகத்தான் வைத்தார்கள். சர்வர்கள் நாள் முழுக்கக் கக்கிக்கொண்டே இருக்கும் வரிகளில் வேண்டியதை மட்டும் சலித்தெடுப்பது அவன் வேலை. கருப்புத் திரை, கட்டளை வரி, கிரெப். இவை போதும் அவனுக்கு. இந்தச் சொல் இருக்கிற வரி வேண்டும் என்றால் கிரெப் அதை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும். கூடவே மைனஸ் வி என்று சேர்த்தால் அந்தச் சொல் இருக்கிற வரியைத் தள்ளிவிட்டு மற்றதையெல்லாம் கொடுக்கும். இன்னொரு பழக்கமும் உண்டு. தட்டுகிற கட்டளையை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல, வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் தட்டுவான். கடவுச்சொல்லும் விதிவிலக்கில்லை. "உன் பாஸ்வேர்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சுப்பா, மாத்தித் தொலை" என்று பக்கத்து நாற்காலிக்காரர் அலுத்துக்கொள்வார். அவன் மாற்றியதில்லை.

வீட்டிலும் ஒரு சல்லடை போட்டிருந்தான். அதற்குக் காரணம் குட்டி.

மகளுக்கு ஏழு வயது. இளைப்பு. பகலில் ஆட்டம் போடுவாள், படுத்தால் நெஞ்சு விசிலடிக்கும். போன வருஷம் ஒருநாள் அவனும் மனைவியும் அசந்து தூங்கிவிட்டார்கள். குழந்தை இருமி இருமி உதடு நீலமாகிக் கிடந்ததை எதேச்சையாக விழித்த மனைவிதான் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கை நழுவிப் போயிருக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதன்பிறகு அவள் தூங்கவேயில்லை. படுத்துக்கொண்டு குழந்தையின் முதுகில் கை வைத்தபடி கூரையைப் பார்ப்பாள். அதைப் பொறுக்கமாட்டாமல்தான் அவன் அந்தப் பெட்டியைச் செய்தான்.

ஒவ்வொரு அறையிலும், வாசல் கதவோரத்திலும், சின்னதாக ஒரு மைக். டிவிக்கு அடியில் ஒரு விசைப்பலகையோடு கையகலப் பெட்டி. வீட்டில் கேட்கும் சத்தம் ஒவ்வொன்றையும் அது ஒரு வரியாக எழுதும். யாருடையது, என்ன சத்தம், எந்த இடம். ஒவ்வொருவரையும் நடக்க வைத்து, பேச வைத்து, இருமவும் வைத்து அவன் அதற்குப் பழக்கியிருந்தான். குழந்தை வளர வளரக் குரல் மாறும் என்பதால் அன்றாடம் கேட்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டே போகும்படி வைத்தான். குட்டியின் இருமல் தொடர்ந்து வந்தால் வீட்டிலும் அவன் போனிலும் மணி அடிக்கும். சத்தமே இல்லாவிட்டால் நிமிஷத்துக்கு ஒருமுறை "அமைதி" என்று எழுதும். மனைவி படுக்கும் முன் போனில் அந்தச் சொல்லைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தூங்குவாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் கொடுத்ததிலேயே உருப்படியான சாமான் இதுதான் என்று அவள் ஒருமுறை சொன்னபோது அவனுக்குத் தலை கால் புரியவில்லை.

ஆரம்பத்தில் பெட்டிக்கு ஒரு தொல்லை இருந்தது. யாருடையது என்று தெரியாத சத்தத்தையெல்லாம் "வேறு" என்று எழுதும். ஃபிரிட்ஜ் முனகினால் வேறு. மேல் வீட்டில் நாற்காலியை இழுத்தால் வேறு. திரை முழுக்க வேறு, வேறு, வேறு. அவன் யோசிக்கவேயில்லை. கிரெப், மைனஸ் வி, வேறு. சலித்து வந்ததை மட்டும் திரைக்கு விட்டான். சல்லடையில் தங்கியதை அம்புக்குறி போட்டு நல் கோப்புக்குத் திருப்பிவிட்டான். நல் என்றால் ஆங்கிலத்தில் ஒன்றுமில்லாதது, அது பெயருக்குத்தான் கோப்பு. அதில் எதைக் கொட்டினாலும் இல்லாமல் போய்விடும், திறந்து பார்த்தால் எப்போதும் காலி. ஆபீசில் அதைப் பாழுங்கிணறு என்பார்கள். அன்றோடு வேறு என்ற சொல்லை அந்த வீடு மறந்தது.

அப்பா : காலடி : ஹால்

மறுபடியும் வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆபீசில் பாதி விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏசி காற்றில் யாருடைய மேஜையிலோ ஒரு காகிதம் விட்டுவிட்டுப் படபடத்தது, ஈரச்செருப்பின் வாடை நடைபாதை நெடுகத் தங்கியிருந்தது. பெட்டி குழம்பிவிட்டது என்று அவன் நினைத்தான். மனைவியின் காலடியையோ மழைச் சத்தத்தையோ தப்பாகப் படிக்கிறது. ஆனால் அவன் காலடியைத் தப்பாகப் படிப்பது அவ்வளவு சுலபமில்லை. பைக்கில் விழுந்ததிலிருந்து இடது முட்டி மடங்காது. வலது கால் ஊன்றும், இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வரும். டக், சர். டக், சர். வீட்டில் வேறு யாருக்கும் அந்த நடை கிடையாது.

இன்றைய வரிகளில் அப்பா இருப்பதை மட்டும் பொறுக்கினான். அவன் காலையில் கிளம்பிப்போன பிறகும் அப்பா நடந்திருந்தார். ஹாலில். சமையலறையில். மத்தியானம், மனைவியும் பள்ளிக்கூடத்தில், குழந்தையும் பள்ளிக்கூடத்தில், பூட்டிய வீட்டில், அப்பா ஹாலுக்கும் குட்டியின் அறைக்கும் போய்ப் போய் வந்திருந்தார்.

நேற்றைக்கும் பார்த்தான். அப்படித்தான். அதற்கு முந்தின நாளும். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுத்து, விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

அப்போதுதான் புலம்பல் ஞாபகம் வந்தது.

கட்டளை வரியில் ஓடும் நிரலுக்கு இரண்டு வாய். ஒன்று, செய்த வேலையைச் சொல்கிற வாய். இன்னொன்று, செய்ய முடியாததைச் சொல்லிப் புலம்புகிற வாய். பாழுங்கிணற்றுக்கு அவன் திருப்பிவிட்டது முதல் வாயை மட்டும்தான். இரண்டாவதை என்றைக்கோ, சோம்பேறித்தனமாக, புலம்பல் என்று ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு அப்படியே மறந்திருந்தான். அதைத் திறந்தான். அதில் காலடி என்ற சொல் இருக்கிற வரிகளை மட்டும் கேட்டான்.

யாரென்று தெரியவில்லை. காலடி. அப்பாவோடு ஒத்துப்போவது, நூற்றுக்கு நாலு.

அது பல மாதத்துக்கு முந்தியது. அதற்கடுத்து நாலு, ஐந்து, நாலு. ஒரே மாதிரி வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. அவன் கீழே உருட்டினான். பத்து. பன்னிரண்டு. நடுவில் சில நாள் காணோம். பிறகு இருபதைத் தாண்டி வந்தது. படித்துக்கொண்டே போகப் போக அவனுக்கு அது புரிய ஆரம்பித்தது, புரிந்ததை மனசு வாங்க மறுத்தது. பெட்டி குழம்பவில்லை. ஏதோ ஒன்று நடக்கப் பழகியிருக்கிறது. முதலில் அதற்குக் காலே இல்லாதது போலிருந்திருக்கும். அப்புறம் ஒரு காலை ஊன்றியிருக்கிறது. இன்னொன்றைத் தேய்த்திருக்கிறது. ஒவ்வொரு நாளும், ஆளில்லாத ஹாலில், டக், சர், டக், சர், இன்னும் கொஞ்சம் சரியாக. நாற்பது. ஐம்பத்தைந்து. எழுபது. ஒவ்வொன்றையும் பெட்டி வேறு என்று உரக்கச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொன்றையும் அவன் போட்ட ஒற்றை வரிக் கட்டளை கிணற்றில் தள்ளியிருக்கிறது. எண்பதுக்குமேல் புலம்பல் நின்றுவிட்டது. அதற்கப்புறம் பெட்டிக்குச் சந்தேகமே இல்லை. அப்பா என்று எழுதத் தொடங்கிவிட்டது.

இந்த வரிகளை மட்டும் தனியே எடுத்து வைக்கவேண்டும், யாரிடமாவது காட்டவேண்டும் என்று தோன்றியது. வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டினான். கிரெப், காலடி, புலம்பல், அம்பு, புலம்பல். தட்டி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. படிக்கிற கோப்பின் மேலேயே அம்பைத் திருப்பியிருந்தான். அம்பு எந்தக் கோப்பின் மேல் பாய்கிறதோ அதை முதலில் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவன் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது. புலம்பல் காலியாக இருந்தது. அவன் கண்ணால் பார்த்த அத்தனையும் இப்போது அவன் தலைக்குள் மட்டும்தான்.

மனைவிக்குப் போன் போட்டான்.

"என்னங்க."

"எங்க இருக்க?"

"பெட்ரூம்ல. பேப்பர் திருத்திட்டிருக்கேன். மலையா குவிஞ்சு கிடக்கு." சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல். "எதுக்கு ஹால்ல நின்னுக்கிட்டுப் போன் பண்றீங்க? உள்ள வந்து பேசுனா ஆகாதா?"

"நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"சரி, சரி. குட்டிகிட்ட போய் இந்த விளையாட்டை வெச்சுக்கங்க. அவதான் இவ்வளவு நாளா புகார் சொல்றா, அப்பா வந்தாலும் பேசமாட்டேங்கறாரு, சும்மா நின்னு பாத்துட்டே இருக்காருன்னு."

"நான் சொல்றதைக் கேளு. நான் வரலை. இன்னிக்கும் வரலை, நேத்து இந்நேரத்துக்கும் வரலை. குட்டியைக் கூப்பிட்டு ரூமுக்குள்ள வெச்சுக் கதவைத் தாழ்ப்பாள் போடு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் தேய்ந்தது. "என்னங்க பேசறீங்க. உங்க கால் சத்தம் எனக்குத் தெரியாதா?"

போனுக்குள், அவள் மூச்சுக்குப் பின்னால், அவனுக்கும் அது கேட்டது. டக். சர். டக். சர். கதவு திறக்கும் கிறீச்சொலி. எண்ணெய் விடவேண்டும் என்று மூன்று வாரமாக அவள் சொல்லிக்கொண்டிருக்கும் அதே கதவு.

பிறகு ஒரு குரல். தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல நிதானமான குரல். அவனுடைய குரல்.

"யாருகிட்ட பேசற?"

மழை மட்டும் இரண்டு பக்கமும் பெய்தது.

"தெரியல" என்றாள். "யாரோ."

இணைப்பு அறுந்தது.

டாக்சியில் ஏறியது எப்படி என்று அவனுக்கு நினைவில்லை. பின் சீட்டில் ஈரத் துணி வாடை. வைப்பர்கள் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து அழுதன. மறுபடி மறுபடி போன் போட்டான், மணி போனது, யாரும் எடுக்கவில்லை. போலீஸுக்குப் போட்டான்.

"வீட்டுக்குள்ள ஆள் பூந்திருக்கு சார். என் மனைவி, குழந்தை உள்ள இருக்காங்க."

"ஆளைப் பாத்தீங்களா?"

"இல்ல. கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"கால் சத்தம். குரல்." அடுத்ததைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "என் குரல் மாதிரியே."

மறுமுனையில் பேனா கீழே வைக்கப்பட்டது. "முகவரி சொல்லுங்க, ஆள் அனுப்பறோம்" என்ற குரலில் அனுப்புகிற ஆசையே இல்லை.

டாக்சிக்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "வீட்ல பிரச்சினையா சார்?"

"கொஞ்சம் வேகமா போங்க."

"இந்த மழையில இதுக்கு மேல அழுத்துனா வீட்டுக்குப் போகமாட்டோம், ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம்."

அவன் போனில் வீட்டுப் பெட்டியைத் திறந்தான். கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், சல்லடையைக் கழற்றினான். நல் கோப்புக்குப் போன அம்பை அழித்தான். இனி எல்லாம் திரைக்கு வரட்டும். உடனே வேறு, வேறு என்று ஃபிரிட்ஜும் மழையும் மேல்வீட்டு நாற்காலியும் கொட்டின. பல மாதத்துக்குப் பிறகு கேட்கும் அந்தச் சத்தங்கள் அவனுக்குக் கிட்டத்தட்ட ஆறுதலாக இருந்தன. அவற்றுக்கு நடுவே மற்ற வரிகள்.

அப்பா : குரல் : பெட்ரூம்
அம்மா : குரல் : பெட்ரூம்
அப்பா : காலடி : ஹால்
குட்டி : சிரிப்பு : ஹால்

அலறல் என்று வந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. இந்த மாதங்களில் அவன் வீட்டில் விழித்திருந்த நேரமே சொற்பம். போகும்போது குழந்தை தூங்கும், வரும்போதும் தூங்கும். அன்றாடம் கேட்பதைச் சேர்த்துக் கற்றுக்கொள் என்று பெட்டிக்குச் சொன்னவன் அவன்தான். அது கற்றுக்கொண்டது. அந்த வீட்டில் அவன் நடந்ததைவிட அந்த இன்னொன்று அதிகம் நடந்திருக்கிறது, அவன் பேசியதைவிட அதிகம் பேசியிருக்கிறது. எந்த அப்பாவைப் பெட்டி இப்போது அப்பா என்று நம்புகிறது?

அப்பா : தாழ்ப்பாள் : வாசல்

அது வீட்டு வழக்கம். வெளியே போனவர் வரவேண்டியிருந்தால் சாவி போதும். அப்பாவும் வந்து எல்லாரும் உள்ளே ஆகிவிட்டால், மேல் தாழ்ப்பாள்.

கட்டடத்தின் வாசலில் மழைநீர் கணுக்கால் அளவு நின்றது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறினான், முட்டி கத்தியது, கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினான். படிக்கட்டுச் சுவர்களில் அவன் நடை முட்டித் திரும்பியது. டக், சர். டக், சர். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சத்தம் அவனுக்குப் பயமாக இருந்தது. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. தன் வீட்டுக் கதவின் அடியில் மஞ்சள் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. கதவை நெருங்கினான். கையிலிருந்த திரை துடித்தது.

வேறு : காலடி : வாசல்

சாவியைத் திருப்பினான். பூட்டு திறந்தது. கதவு அசையவில்லை.

தட்டினான்.

வேறு : தட்டல் : வாசல்

"யாருங்க?" மனைவியின் குரல். பக்கத்தில்தான். கதவுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரம்.

"நான்தான். கதவைத் திற. சீக்கிரம்."

வேறு : குரல் : வாசல்

"அப்பா" என்றாள் குட்டி உள்ளே. அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. "யாரோ கூப்பிடறாங்க அப்பா."

"யாருமில்லடா" என்றது அவன் குரல். "காத்து."

"குட்டி, அப்பா இங்க இருக்கேன். இங்க. வெளில." தொண்டை கிழியக் கத்தினான். கதவை இரண்டு கையாலும் அறைந்தான். திரையில் வேறு, வேறு, வேறு என்று ஓடியது. கீழ் மாடியில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அவனுக்கு மிகவும் பழக்கமான ஒரு சத்தம். விசைப்பலகை. தட்டுகிற தாளமும் அவனுடையதே. கூடவே முணுமுணுப்பு, எழுத்துக் கூட்டுவதுபோல, அவசரமே இல்லாமல்.

முதலில் கடவுச்சொல். எழுத்து எழுத்தாக. பிறகு,

"கிரெப்… மைனஸ் வி… வேறு."

அப்பா : தட்டச்சு : ஹால்

அதற்குப் பிறகு அவன் கதவை அறைந்தான். திரையில் வரி வரவில்லை. உதைத்தான். வரவில்லை. மனைவியின் பெயரைச் சொல்லி, கல்யாணத்துக்கு முன்னால் மட்டுமே கூப்பிட்ட பெயரைச் சொல்லி, அழுதான். ஒரு வரியும் இல்லை.

உள்ளே அவள் பெருமூச்சு விட்டாள்.

"நின்னுடுச்சு போல" என்றாள்.

அவன் அறைந்துகொண்டேதான் இருந்தான்.

போனில் பெட்டிக்குள் போகப் பார்த்தான். கடவுச்சொல் தவறு. மறுபடி கொடுத்தான். கடவுச்சொல் தவறு. ஒருவழியாக அதை யாரோ மாற்றிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி இருந்தது. எல்லாருக்கும் இருக்கிற அனுமதி.

கீழே வண்டி ஒன்று வந்து நின்றது. நீலமும் சிவப்புமாக வெளிச்சம் படிக்கட்டுச் சுவரில் சுற்றியது. பூட்ஸ் கால்கள் ஏறி வந்தன. அவன் கைப்பிடியில் தொங்கிக் கூப்பிட்டான். "சார். இங்க சார்." நனைந்த ரெயின்கோட்டோடு ஒரு காவலர் அவனைக் கடந்து வந்தார். ஈர ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. அவன் தோளை இடித்துக்கொண்டு போனவர் திரும்பிப் பார்க்கவில்லை. மணியை அழுத்தினார். தாழ்ப்பாள் விலகி, சங்கிலி போட்ட கதவு விரல் அகலம் திறந்தது. இடுக்கில் அவனுடைய நீலச் சட்டை, பாதி.

"கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு."

"எங்க வீட்லயா? நாங்க எல்லாரும் உள்ளதான் இருக்கோம் சார்" என்றது அவன் குரல்.

"அம்மா, சரிதானா?"

"ஆமா சார். யாரோ போன்ல விளையாடறாங்க" என்றாள் மனைவி.

அவன் இடுக்கில் கையை நுழைத்தான். நுழைத்ததை யாரும் தடுக்கவில்லை. கதவு அவன் விரல்கள்மேல் மூடியது. வலியில் போட்ட சத்தம் அவன் காதுக்கு மட்டும் கேட்டது. காவலர் கொட்டாவி விட்டபடி இறங்கிப் போனார்.

மேல் தாழ்ப்பாள்.

நசுங்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டு அவன் கதவடியில் உட்கார்ந்தான். அப்போது கேட்டது. சின்னதாக. வறண்டதாக.

குட்டி : இருமல் : ஹால்

மழைக்காற்று ஆகாது அவளுக்கு. இன்னொன்று. இன்னொன்று.

குட்டி : இருமல் : ஹால்
குட்டி : இருமல் : ஹால்

மணி அடித்தது. உள்ளேயும், அவன் கையிலும். ஓடி வரும் மனைவியின் காலடி. "மருந்து எங்க, அந்தப் பம்ப் எங்க வெச்சேன்" என்ற பதற்றம். அவன் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜுக்கு மேல, ஃபிரிட்ஜுக்கு மேல நீலப் பை, என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"நீ போய்ப் படு" என்றது அவன் குரல். அவளைத் தூங்க வைக்க அவன் தினம் சொன்ன அதே சொற்கள். "நான் பாத்துக்கறேன்."

டக். சர். நாற்காலி.

"கிரெப்…"

"வேண்டாம்" என்றான் அவன்.

"மைனஸ் வி…"

"டேய். வேண்டாம். வேண்டாம்டா."

"இருமல்."

மணி நின்றது. பாதி ஒலியில், வெட்டியதுபோல.

"நின்னுடுச்சா?" என்றாள் மனைவி.

"நின்னுடுச்சு."

"போன் காட்டுங்க." அவள் மூச்சு தளர்ந்தது. "அப்பாடா." அவள் கால்கள் பெட்ரூமுக்குப் போயின. கதவு கிறீச்சிட்டது. ஹால் விளக்கு அணைந்தது. கதவடியில் இருந்த மஞ்சள் கோடு இல்லாமல் போனது.

இருட்டில் அவன் காதைக் கதவோடு சேர்த்து வைத்திருந்தான். அந்தப் பக்கம், தரையோரம், அவன் காது இருக்கும் அதே உயரத்தில், குட்டி இருமினாள். இழுத்து இழுத்து. விசில். இருமல். சின்ன விரல்கள் கதவின் அடிப்பலகையைச் சுரண்டின.

"அப்பா" என்றாள். இந்தத் தடவை அவனைத்தான்.

கையில் திரை வெளிச்சமிட்டது.

அமைதி

அவள் இருமினாள்.

அமைதி